ஜன்னல் கம்பியைத் தாண்டாத நட்சத்திரம்

அந்தத் தீவில் பெண்கள் சவரக்கடைக்குள் வருவதில்லை. அப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் சுங்கச் சட்டத்தையும் மீன்பிடிச் சட்டத்தையும் காலை உணவுபோலத் தினமும் மீறுகிறவர்கள்கூட இதை மீறியதில்லை. ஆகவே ஒரு செப்டம்பர் காலையில் ஆர்ஜிரோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, மாந்தோஸின் சவரக் கத்தி கேப்டன் இசிதோரோஸின் காதுக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டது.

"நீங்க வேலையப் பாருங்க மாந்தோஸ் அண்ணே. நான் கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்," என்றாள் அவள்.

இசிதோரோஸ் நிஜத்தில் கேப்டன் அல்ல. சரக்குக் கப்பல்களில் இரண்டாம் அதிகாரியாக முப்பது வருஷம் இருந்துவிட்டு, கல்யாணமும் செய்துகொள்ளாமல் ஊர் திரும்பியவர். பாதிரியாரின் வெள்ளிச் சிலுவை காணாமல்போனபோது, உட்கார்ந்த இடத்திலிருந்தே அது யார் வீட்டுக் கோழிக்கூட்டில் இருக்கிறது என்று சொன்னவர். அன்றிலிருந்து ஊர் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. மாந்தோஸ் தன்னைத் தானே அவருக்கு உதவியாளனாக நியமித்துக்கொண்டான். பகலெல்லாம் ஊரோடு பேசித் தீர்த்துவிட்டு, மாலையில் காலி வீட்டுக்குப் போய் ரொட்டியும் ஆலிவ் காயும் தின்கிற மனைவியிழந்த மனிதனுக்கு, ஒரு மர்மம் கிடைப்பது விருந்து மாதிரி.

"கேளும்மா," என்றார் இசிதோரோஸ், பாதி முகத்தில் நுரையோடு.

"நட்சத்திரம் நிக்குமா?"

மாந்தோஸ் சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

ஆர்ஜிரோவின் கதை ஊரறிந்தது. ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம், பருப்பில் உப்பு அதிகம் என்று ஆரம்பித்த சண்டையில், அவள் புருஷன் யாக்கூமிஸ் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மறுநாள் அவள் தம்பி த்ராசோஸ் வந்து, மச்சான் பிரேயஸ் நகரத்துக்குப் போகிற கப்பலில் ஏறியதைத் துறைமுகத்தில் தன் கண்ணால் பார்த்ததாகவும், ஆஸ்திரேலியா போவதாகவும் காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னான். அப்படிப் போனவர்கள் ஊரில் பலர் இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. பள்ளத்தாக்குக்கு மேலே, பழைய மாவு ஆலைக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் வீட்டில் அவள் மட்டும் இருந்தாள்.

"ராத்திரியில தூக்கம் வர்றதில்ல. மாடி அறை ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பேன். விளக்குகூட ஏத்த மாட்டேன், எண்ணெய் விக்கிற விலையில! ஜன்னல்ல நடுவுல ஒரு இரும்புக் கம்பி. கம்பிக்கு இடப்பக்கம் இருக்கிற நட்சத்திரமெல்லாம் கொஞ்ச நேரத்துல வலப்பக்கம் போயிடுது. ஒண்ணு மட்டும் போகல. எதிர் மலை உச்சிக்குமேல அப்படியே நிக்குது. விடியுற வரைக்கும்."

"எத்தனை நாளா?"

"கோடை ஆரம்பத்துல மாடிக்குப் படுக்கையை மாத்தினேன். அன்னிலேர்ந்து. போன வாரம் ஒரு நாள் வானமே மேகம் மூடிக் கிடந்துச்சே, அன்னிக்கும் அது ஒண்ணு மட்டும் இருந்துச்சு. பாதிரியார்கிட்ட சொன்னா சிலுவை போட்டுக்கறார். கிணத்தடியில சொன்னா, புருஷன் ஓடினதுல இவளுக்குப் புத்தி ஓடிடுச்சுன்னு சிரிக்கிறாளுங்க." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "கேப்டன், எனக்கு அற்புதமெல்லாம் வேண்டாம். அந்த மனுஷன் திரும்பி வருவாரா, வர மாட்டாரா? கறுப்பு உடுத்தவும் முடியல, கலர் உடுத்தவும் முடியல. பொண்டாட்டியா, விதவையா, நான் யாரு? அது நின்னு நின்னு எங்கிட்ட ஏதோ சொல்ல வருதோன்னு தோணுது. அதான் கேக்கறேன்."

"துருவ நட்சத்திரம்!" என்று மாந்தோஸ் கத்தியை உயர்த்தினான். "அது நகராதுன்னு நீங்கதானே சொன்னீங்க கேப்டன்!"

"உன் ஜன்னல்ல வெயில் எப்பம்மா விழும்?" என்று இசிதோரோஸ் அவளைக் கேட்டார்.

"நடுப் பகல்ல. கடல் பக்கம் பாத்த ஜன்னல்."

"அப்ப தெற்கு. துருவ நட்சத்திரத்துக்கு உன் ஜன்னல்ல வேலை இல்ல. அது வடக்க, வீட்டுக்குப் பின்னால இருக்கும்." அவர் கால்களை ஊன்றினார். மாந்தோஸின் கடையில் பெருமைப்பட ஒரே பொருள் இருந்தது: ஏதன்ஸிலிருந்து வந்த சுழல் நாற்காலி. இசிதோரோஸ் அதை மெதுவாக இடப்பக்கம் சுழற்றினார். "நான் இப்ப எதிர்ல பாத்துக்கிட்டு சுத்தறேன். கண்ணாடி வலப்பக்கம் போகுது. அது பின்னால உன் புட்டியெல்லாம் போகுது. காலண்டர் போகுது. இதெல்லாம் நடந்தா போகுது?"

"நீங்க சுத்தறீங்க, அதனால போற மாதிரி இருக்கு."

"நட்சத்திரமும் அப்படித்தான். அதுங்க பாட்டுக்கு இருக்கு, நாமதான் பூமியோட சேர்ந்து கிழக்குப் பக்கமா சுத்தறோம். அதனால எல்லாம் மேற்கே நழுவுது. மேல பாரு, விளக்குத் தொங்குற கொக்கி. நாற்காலிக்கு நேர் மேல இருக்கறதால, நான் எவ்வளவு சுத்தினாலும் அது அங்கயேதான் இருக்கு. அதுதான் உன் துருவ நட்சத்திரம். சரி, இப்ப என் மடியைப் பாரு."

மடியில் விரித்திருந்த துணியில் ஒரு சொட்டு சோப்பு நுரை விழுந்திருந்தது. நாற்காலி ஒரு முழுச் சுற்று சுற்றியது. அறை முழுக்க நழுவியது. நுரை மட்டும் அவர் கண்ணுக்கு முன்னால் அதே இடத்தில் இருந்தது.

"இது ஏன் நகரல மாந்தோஸ்?"

"அதுவும் உங்ககூட நாற்காலியில உக்காந்திருக்கே!"

"அவ்வளவுதான். தெற்கு வானத்துல விடியற வரைக்கும் நகராம ஒண்ணு நின்னா, அது நட்சத்திரம் இல்ல. நம்மகூட அதே நாற்காலியில உக்காந்திருக்கு. அது பூமியில இருக்கிற விளக்கு. மேகத்துக்கும் கீழ இருக்கிற விளக்கு."

ஆர்ஜிரோ கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதத்தில் தன்னோடு விழித்திருந்த ஒரே துணை இல்லாமல்போன மாதிரி அவளுக்கு இருந்திருக்க வேண்டும். இசிதோரோஸும் அதைக் கவனித்தார் போலிருக்கிறது. குரலைத் தணித்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அது வராத நாள் உண்டா?"

"புனித மரீனா திருநாளுக்கு முந்தின ராத்திரி வரல. அன்னிலேர்ந்து அஞ்சாறு நாள் வரவே இல்ல. வடகாத்து பேயாட்டம் அடிச்சுதே, அந்த வாரம். எனக்கு அழுகையே வந்துடுச்சு கேப்டன். அதுவும் போயிடுச்சேன்னு."

அன்று மதியமே இசிதோரோஸும் மாந்தோஸும் எதிர் மலைமேல் ஏறினார்கள். மாந்தோஸுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

"கடத்தல்காரன்தான் கேப்டன். கடல்ல வர்ற படகுக்கு அடையாளம் காட்டறான். ஆட்டுக்கார ஸானிஸ்! இந்த மலையில வேற எவன் நடமாடறான்? பாதிரியாருக்கு மூட்டு வலி. த்ராசோஸ் வேணா சாயங்காலம் ஏறுவான், மறுநாளைக்குக் காத்து எப்படின்னு கடலைப் பாக்க. படகுக்காரன், அவனுக்கு அது தொழில். ஸானிஸ்தான். ரெண்டு வருஷமா எங்கிட்ட முடிவெட்டிக்கல. நேர்மையான மனுஷனுக்கு அவ்வளவு முடி எதுக்கு?"

"முடி வெட்டாதவனெல்லாம் கடத்தல்காரனா?"

"என் வயிறு எரியுது, சொல்றேன். த்ராசோஸையே எடுத்துக்குங்க. சனிக்கிழமை தவறாம வர்றவன். ஈஸ்டருக்கு அப்புறம் திடீர்னு நின்னுட்டான். கன்னத்துல சொறின்னான். ஒண்ணரை மாசம் கரடி மாதிரி திரிஞ்சான். அப்புறம் வந்து எடுத்தான். நானே எடுத்தேன். கன்னம் பச்சக் குழந்தை கன்னம் மாதிரி இருந்துச்சு. சொறியாவது சிரங்காவது! காசு மிச்சம் பண்ணியிருக்கான், கஞ்சப் பய."

இசிதோரோஸ் நின்றார். மாந்தோஸ் அவர் களைத்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். அவர் வாங்கிக் குடித்துவிட்டு மேலே நடந்தார்.

உச்சியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே, மூடப்பட்ட பழைய சுரங்கத்தின் வாய் இருந்தது. நான்கு எட்டு உள்ளே போனதும் கூரை இடிந்து விழுந்து கல்லாக அடைந்திருந்தது. வாயருகில் ஒரு எண்ணெய்த் தகரம், ஒரு பக்கம் வெட்டித் திறக்கப்பட்டு, கற்களுக்கு நடுவே நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே ஒரு கண்ணாடித் தம்ளர். அடியில் தண்ணீர், மேலே ஆலிவ் எண்ணெய், அதில் மிதக்கும் தக்கையில் கருகிய திரி. பக்கத்தில் தூபச் சாம்பலும் வாடாத துளசிக் கொத்தும் இருந்தன.

"பாத்தீங்களா! சொன்னேன்ல!" என்றான் மாந்தோஸ். பிறகு துளசியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"கடலுக்கு அடையாளம் காட்டறவன் விளக்கோட முதுகைக் கடல் பக்கம் வைப்பானா? ஊருக்கும் தெரியாது, ஏன்னா பாறை மறைக்குது. இது யாரும் பாக்கறதுக்காக வச்ச விளக்கு இல்ல மாந்தோஸ். செத்தவங்களுக்காக வைக்கிற விளக்கு. எங்க செத்தாங்களோ அங்க." அவர் தக்கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளிம்பு நீலமாக இருந்தது. நடுவில் கயிறு போக வசதியாகத் துளை. "மீன்வலைத் தக்கை. ஸானிஸ் ஆட்டுக்கு வலை போடறானா?"

மாந்தோஸ் திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்தான். எதிரே ஆர்ஜிரோவின் வீடு தெரிந்தது. கீழ்த் தளத்தை ஆலையின் சுவர் மறைத்தது. மாடியில் அந்த ஒற்றை ஜன்னல் மட்டும் அவர்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு ஏனோ வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது, வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும்.

"நாளைக்கு சனிக்கிழமை," என்றார் இசிதோரோஸ். "உன் கடைக்கு வெளியில, மல்பெரி மரத்தடியில ஒரு நாற்காலி போடு. ஆர்ஜிரோ உக்காரட்டும். ஜன்னலைத் திறந்தே வை."

மறுநாள் த்ராசோஸ் வழக்கமான நேரத்தில் வந்தான். அகன்ற தோள்களும் வெயிலில் வெந்த கழுத்தும் உள்ள ஆள். அக்காவை விட எட்டு வயது சின்னவன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மாந்தோஸ் நுரை தடவினான். ஆட்டுக்கார ஸானிஸும் பாதிரியாரும் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் வரச் சொன்னார்கள் என்று இருவருக்கும் தெரியாது. கையில் காப்பி இருந்ததால் கேட்கவும் இல்லை.

"எல்லாரும் இருக்கீங்க, ஒரு விஷயம் சொல்றேன்," என்று இசிதோரோஸ் ஆரம்பித்தார். "ஆர்ஜிரோ பாத்த நட்சத்திரம், மலை மேல யாரோ ஏத்தற விளக்கு. இறந்தவங்களுக்கான விளக்கு. ஊர்ல இந்த வருஷம் செத்தவங்க எல்லாருக்கும் கல்லறை இருக்கு, கல்லறையில விளக்கும் இருக்கு. அப்ப மலை மேல யார் செத்தது? செத்ததா நமக்குத் தெரியாத ஒருத்தர்."

"கடவுளே," என்றார் பாதிரியார்.

"ஏத்தறவரு மலைக்குப் போறவரு. ஸானிஸ் போறான், த்ராசோஸ் போறான். தக்கை மீன்வலைத் தக்கை. அதுக்காக ஸானிஸை விட்டுடலாமா? ஒரு தக்கையை யாரும் கடற்கரையில பொறுக்கிக்கலாம். புனித மரீனா திருநாள்ல விளக்கு எரியல. ஸானிஸ், நீ அன்னிக்கு எங்க இருந்த?"

"மலையிலதான். மறுநாளும். ஆட்டை விட்டுட்டு எங்க போறது?"

"அப்ப ஏத்தறவன் நீயா இருந்தா விளக்கு எரிஞ்சிருக்கும். மாந்தோஸ், திருநாளுக்கு முந்தின நாள் சவரத்துக்கு யார் வரல?"

மாந்தோஸின் கை நின்றது. சவரக்காரனிடம் கேட்கவேண்டிய கேள்விதான் அது. திருநாளுக்கு முந்தைய நாள் எல்லாக் கன்னங்களும் அவன் கைக்கு வரும். வராத கன்னம் எது என்பதும் அவனுக்குத் தெரியும். "த்ராசோஸ்," என்றான் மெதுவாக. "வடகாத்துல படகு பக்கத்துத் தீவுல மாட்டிக்கிச்சு. காத்து அடங்கித்தான் வந்தான்."

நாற்காலியில் இருந்தவன் கண்ணைத் திறக்கவில்லை.

"இதெல்லாம்கூட தற்செயல்னு விட்டுடலாம்," என்றார் இசிதோரோஸ். "ஆனா ஒண்ணை விட முடியல. நம்ம ஊர்ல ஒரு ஆம்பளை எப்ப நாப்பது நாள் முகத்துல கத்தி படாம இருப்பான்?"

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டில் சாவு விழுந்தால் ஆண்கள் நாற்பது நாள் சவரம் செய்வதில்லை. மாந்தோஸ் தன் மனைவிக்காக அப்படி இருந்தவன். ஊரின் சாவுகளையெல்லாம் கன்னத்தில் படித்தறிகிற தொழில்காரன். அந்தத் தாடியைத் தன் கையால் மழித்து, சொறி இல்லையே என்று பார்த்தும், கஞ்சத்தனம் என்று நினைத்துவிட்டான். அவனுக்குக் கூசிப்போயிற்று.

"ஈஸ்டர் முடிஞ்ச வாரத்துலேர்ந்து நீ துக்கம் அனுசரிச்சிருக்க த்ராசோஸ். யாரும் சாகாதப்போ. மச்சான் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினதா நீயே சொன்ன அந்த வாரத்துலேர்ந்து. பொய் சொல்ல உனக்கு வாய் வந்துச்சு. ஆனா செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாம இருக்க மனசு வரல."

நுரைக்கு அடியில் தாடை அசைந்தது. த்ராசோஸ் துணியை இழுத்து முகத்தைத் துடைத்தான். கண்ணீர் எது, நுரை எது என்று தெரியவில்லை.

"வெடி எடுக்கப் போனோம்," என்றான். "மீனுக்குப் போடற வெடி. சுரங்கத்துல பழசு கொஞ்சம் கிடக்குன்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவர் வரமாட்டேன்னார். வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கேன், சீக்கிரம் போகணும்னார். நான்தான் பத்து நிமிஷ வேலை மச்சான்னு... அவர் உள்ள போனார். கூரை விழுந்துச்சு. கூப்பிட்டேன் கேப்டன். கையால தோண்டினேன், விடியற வரைக்கும். ஒரு சத்தமும் இல்ல. போலீஸ்ல சொன்னா வெடிக்கு ஜெயில். அதைக்கூட விடுங்க. அக்கா முகத்துல எப்படி முழிக்கறது? ஓடிட்டார்னு சொன்னா கோவப்படுவா. கோவம் இருந்தா பொழச்சுக்குவான்னு நெனச்சேன். நாப்பது நாளோட விளக்கை நிறுத்தணும்னு நெனச்சேன். அவரைத் தனியா இருட்டுல விட்டுட்டு இறங்க முடியல."

வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆர்ஜிரோ இரண்டாவது முறையாக அந்தக் கடைக்குள் வந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"அக்கா..." என்றான் அவன். "உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் பாறைக்கு உள்ள வச்சேன். உன் அறையிலேர்ந்து தெரியாதே."

"கீழ கட்டில் ரொம்ப அகலமா இருந்துச்சுடா. ஒத்தையில படுக்க முடியல. மாடிக்குப் போயிட்டேன்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு அது சாதாரணமாக இல்லை. "அஞ்சு மாசம்டா! கோடை பூரா ஒவ்வொரு ராத்திரியும் அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து அவரைச் சபிச்சேன். நாசமாப் போகட்டும்னு சொன்னேன், அந்த விளக்கைப் பாத்துக்கிட்டே. செத்துக் கிடந்த மனுஷனைத் திட்ட வச்சுட்டியேடா!"

த்ராசோஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவனை அடிக்கப் போகிறாள் என்று மாந்தோஸ் நினைத்தான். அவள் துண்டை எடுத்து, அவன் காதோரம் மிச்சமிருந்த நுரையை, சின்ன வயதில் துடைத்திருப்பதைப் போலவே அழுத்தித் துடைத்தாள். "போ," என்றாள். "போய்ப் போலீஸ்ல சொல்லு. திரும்பி வந்தப்புறம் உன்கூடப் பேசறேனா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இப்ப போ."

அவன் பாதி சவரம் செய்த முகத்தோடு தெருவில் இறங்கிப் போனான். பாதிரியார் அவன் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனார்.

போலீஸார் வந்து பார்த்தார்கள். கல்லைத் தொட்டால் மிச்சக் கூரையும் விழும் என்று விட்டுவிட்டார்கள். சுரங்க வாயே கல்லறையாயிற்று. பாதிரியாரைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டுபோய் அங்கேயே ஜெபம் செய்தார்கள். யாக்கூமிஸின் பெயர் கோயிலில் இறந்தவர்கள் பெயரோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. ஆர்ஜிரோ கறுப்பு உடுத்தி, இறந்தவர் நினைவாக, வேகவைத்துச் சர்க்கரை தூவிய கோதுமையை எல்லோருக்கும் கொடுத்தாள். கிணற்றடியில் சிரித்தவர்களும் கைநீட்டி வாங்கினார்கள்.

த்ராசோஸைக் காவலில் கொண்டுபோன பிறகு விளக்குக்கு ஆள் இல்லை. முதல் நாள் அவள் எண்ணெயோடு கிளம்பியபோது, மாந்தோஸ் கடையைச் சாத்திவிட்டுப் புட்டியை வாங்கிக்கொண்டான். இசிதோரோஸும் கைத்தடியோடு பின்னால் வந்தார். தனியாக இருக்கிற மூன்று பேர் ஒன்றாக மலை ஏறினால் வழி கொஞ்சம் குறையும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் ஏறினார்கள்.

சூரியன் இறங்கியிருந்தது. அவள் திரியை ஏற்றி, தக்கையைத் தம்ளரில் மெல்ல விட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்தாள்.

எதிரே எல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. வீடும் ஆலையும் தெரியவில்லை. ஆனால் அந்த உயரத்தில் ஒரு சின்ன வெளிச்சம், வானத்தில் ஒட்டியது போல, அசையாமல் நின்றது.

"கேப்டன், அங்க..." என்று மாந்தோஸ் பதறினான்.

"என் ஜன்னல்தான் அண்ணே," என்றாள் ஆர்ஜிரோ. "எண்ணெய் என்ன விலை வித்தாலும் சரின்னு ஏத்தி வச்சுட்டு வந்தேன். இத்தனை நாளா அவர் விளக்கு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது. என் பக்கம் இருட்டா கிடந்துச்சு. நானும் எங்கயும் போகலன்னு அவருக்குத் தெரியட்டும்."